வெள்ளைப் பந்து நின்ற இடம்

அன்றும் வெள்ளைப் பந்து பூல் மேசையின் நடுவில்தான் வந்து நின்றது. அந்த வாரத்தில் அது நான்காவது தடவை. முக்கோணமாக அடுக்கிவைத்த பதினைந்து பந்துகளும் நாலா பக்கமும் சிதறி ஓட, அவற்றைப் போய் இடித்த வெள்ளை மட்டும் ஒரு சாண் பின்னால் நகர்ந்து, எழும்பாதே என்று சொல்லி உட்கார வைத்த பிள்ளை மாதிரி அப்படியே இருந்துவிட்டது. அடித்த பிரணவன் அதைப் பெரிதாகக் கவனிக்கக்கூட இல்லை. கோல் நுனியில் நீலச் சோக்கைத் தேய்த்துக்கொண்டு அடுத்த பந்தைப் பார்க்கப் போய்விட்டான்.

பார்த்துக்கொண்டிருந்த அன்ஸாருக்கு அங்கேதான் உறைத்தது. அதிர்ஷ்டம் என்றால் மனிதன் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பான். நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தவன்தான் பார்க்காமல் போவான்.

அவர் அடித்தால் நடப்பதே வேறு. பலத்துக்கு அன்ஸார் குறைந்தவர் இல்லை. மிளகு மூட்டையைத் தனியாளாகத் தூக்கி லொறியில் போடுகிற தோள் அது. அவர் பந்துக் கூட்டத்தை உடைக்கும்போது கீழே டயர் கடையில் இருக்கிறவன் அண்ணாந்து பார்ப்பான். ஆனால் அந்த வெள்ளைக்கு என்ன பிடித்ததோ, கூட்டத்தைக் கலைத்த கையோடு தானும் முன்னுக்கு ஓடி, அதில் இடிபட்டு, இதில் இடிபட்டு, கடைசியில் ஏதாவது ஒரு பொக்கெட்டில் போய் விழுந்து தொலைக்கும். வெள்ளை விழுந்தால் ஆட்டம் அடுத்தவன் கைக்குப் போய்விடும். பத்துக்கு ஆறு தடவை இப்படித்தான். ஒரே மேசை, ஒரே துணி, ஒரே பந்து. ஒருத்தனுக்கு நிற்கிறது, ஒருத்தனுக்கு விழுகிறது. எப்படி?

பலாபத்வலையில் பெரிய வீதியோரமாக, டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்தப் பூல் மேசை. தம்புள்ளைப் பக்கம் ஏதோ ஒரு ஹோட்டலை மூடியபோது இத்ரூஸ் அதை வாங்கி லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் கடைக்காரர்கள் நாலைந்து பேர் வருவார்கள், பொழுதுபட மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் கலைந்துவிடுவார்கள். காசு வைத்து ஆடக்கூடாது. இத்ரூஸைத் தவிர வேறு யாரும் பந்து அடுக்கக்கூடாது. முக்கோணச் சட்டத்தை இழுத்துத் துணியைக் கிழித்துவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். யார் ஆடினாலும் அவரே குனிந்து, பந்துகளைச் சட்டத்துக்குள் போட்டு, பெருவிரல்களால் தள்ளி இறுக்கி, சட்டத்தைப் பூ மாதிரி தூக்கி எடுப்பார்.

இந்த இத்ரூஸ் வேறு யாருமில்லை, அன்ஸாரின் ஒரே தங்கை நுஸ்லாவின் மாப்பிள்ளை. இருபது வருடத்துக்கு முன்னால் அன்ஸாரே பார்த்துக் கட்டிவைத்தது. இரண்டு பேருக்கும் ஒரே வயது. மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டாலும் பேச்செல்லாம் நீ, நான்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தால் ஒரு வாரம் அந்த வீட்டில் சோறு, ஒரு வாரம் இந்த வீட்டில் சோறு.

அப்படிப்பட்டவர் மேல் சந்தேகப்படலாமா என்றால், சந்தேகப்படுவதுதான் அன்ஸாரின் தொழில். அவர் மிளகு வாங்கி விற்கிறவர். மூட்டையின் வாயைத் திறந்து காட்டினால் மேலே கறுகறுவென்று முதல் தரமாகத்தான் இருக்கும். நடுவில் பப்பாசி விதை இருக்கும், பொக்கு மிளகு இருக்கும், சில நேரம் கல்லும் இருக்கும். ஆகவே அவர் மேலே இருப்பதைப் பார்ப்பதே இல்லை. குத்தூசியை எடுத்து மூட்டையின் வயிற்றில் ஒரு குத்து. அதன் குழிக்குள் வந்து விழுவதை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால் விற்க வந்தவனின் வண்டவாளம் தெரிந்துவிடும். கள்ளம் எப்போதும் குவியலின் நடுவில்தான் இருக்கும் என்பது முப்பது வருடத்தில் அவர் கண்ட உண்மை. மிளகைப் பொறுத்தவரை அது சரிதான்.

அதனால் அவர் பந்துக் குவியலைப் பார்க்கத் தொடங்கினார். பிரணவன் உடைக்கிற முறை வரும்போதெல்லாம் மேசையின் மறுமுனைக்குப் போய் நின்று இத்ரூஸின் கைகளையே கவனித்தார். இரண்டு பெருவிரலும் பின்வரிசையை அழுத்தின. ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு இத்ரூஸ் ஒவ்வொரு பந்தாகத் தொட்டும் பார்த்தார். இவ்வளவு அக்கறையா! தனக்கு அடுக்கும்போது இப்படி அழுத்துகிறாரா? அழுத்தின மாதிரி அன்ஸாருக்கு நினைவே இல்லை.

மச்சான் எதற்காக இந்தப் பையனுக்கு வளைய வேண்டும்? கேள்வி வந்ததும் பதிலும் கூடவே வந்தது.

பிரணவன் சேர்வேயர். சாவகச்சேரிப் பக்கத்துப் பிள்ளை, மாத்தளையில் அறை எடுத்துத் தங்கிக் காணி அளக்கிறவன். அன்ஸாரின் வாப்பா மௌத்தாகி ஒரு வருடமாகிறது. மலையடிவாரத்தில் அவர் விட்டுப்போன மூன்று ஏக்கர் மிளகுக் காணியை மார்க்கப்படி பிரிக்க வேண்டும். மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. "வெளிய எங்கயும் தேட வேணாம், நம்ம மேசைக்கு வர்ற தம்பியே இருக்காரே" என்று பிரணவனைப் பிடித்துக் கொடுத்தது இத்ரூஸ். அவன் அளந்து, முளை அடித்து, பிளானும் கீறிக் கொடுத்துவிட்டான். நுஸ்லாவும் அன்ஸாரும் கையெழுத்து வைப்பதுதான் பாக்கி.

ஆக, மச்சான் சேர்வேயருக்குப் பந்தை இறுக்கி அடுக்குகிறார். சேர்வேயர் மச்சானுக்கு எல்லையைத் தள்ளிப் போடுகிறான். அன்ஸாருக்கு இப்போது எல்லாம் பளிச்சென்று விளங்கியது. இப்படி எல்லாம் பளிச்சென்று விளங்குகிற நேரத்தில்தான் மனிதன் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். யார் நிதானிக்கிறார்கள்?

அடுத்த நாள் காலை கடையைத் திறக்காமல் நேரே காணிக்குப் போனார். கீழே சமதரையில் தன்னுடைய பங்கு, மேலே சரிவில் நுஸ்லாவின் பங்கு. அகலம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆகவே தன்னுடைய நீளத்தில் சரிபாதிதான் நுஸ்லாவுடையது இருக்க வேண்டும். தன் பங்கைக் காலால் அளந்தார். இருநூறு காலடி. பிறகு மூச்சிரைக்க, மிளகுக் கொடிகளைப் பிடித்துப் பிடித்துச் சரிவில் ஏறி, தங்கையின் பங்கை அளந்தார். நூற்றுப் பதினெட்டு. நம்பாமல் இறங்கி மறுபடியும் ஏறினார். நூற்றுப் பத்தொன்பது.

வீட்டுக்கு வந்து மனைவி அம்றாவிடம் விசயத்தைச் சொன்னார். அவள் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"பந்து நின்னதுக்கும் காணிக்கும் என்ன சம்பந்தம்?"

"பந்துல கள்ளம் பண்றவன் காணியில பண்ண மாட்டானா?"

"பந்துலதான் கள்ளம்னு யார் சொன்னது?"

"அதான் நிக்கிதே! என் கண்ணால பாத்தேன்."

"நிக்கிறத பாத்தீங்க. கள்ளத்த பாத்தீங்களா?" என்றாள் அம்றா. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நுஸ்லாட காதுல இது விழுந்திச்சின்னா என்ன ஆகும்னு யோசிச்சிக்கங்க. உங்களுக்கு இருக்குறது ஒரே ஒரு தங்கச்சி."

அது அன்ஸாருக்கும் தெரியாததல்ல. உம்மா போனபோது நுஸ்லாவுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் போக அவளுக்குத் தலை வாரிவிட்டதே இவர்தான். வாயைத் திறந்தால் அந்த வீட்டுக் கதவு மூடிக்கொள்ளும். திறக்காவிட்டால் மச்சானும் சேர்வேயரும் சேர்ந்து தன்னைப் பைத்தியக்காரனாக்கிச் சிரிப்பார்கள். இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வியாழக்கிழமை. அஸர் தொழுதுவிட்டு, எதுவும் பேசுவதில்லை என்ற முடிவோடு மேல்மாடிக்கு ஏறினார்.

முதல் ஆட்டத்தை அவர்தான் உடைத்தார். கூரைத் தகரம் அதிரும்படி அடித்தார். பந்துகள் சிதறின. வெள்ளை முன்னால் பாய்ந்து, பக்கச் சுவரில் மோதி, மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க மூலைப் பொக்கெட்டில் போய் விழுந்தது. இத்ரூஸ் சிரித்துவிட்டார். வழக்கமாகச் சிரிக்கிற சிரிப்புத்தான். அது அன்ஸாரின் காதில் வேறு மாதிரி விழுந்தது.

"மச்சான், நீ இந்தத் தம்பிக்கு ஒரு மாதிரி அடுக்குற, எனக்கு ஒரு மாதிரி அடுக்குற."

"வெள்ள விழுந்த கோவத்துல பேசாத."

"வெள்ளைய விடு. காணியில என்ன பண்ணியிருக்கீங்க ரெண்டு பேரும்?"

ஓரத்துக் கதிரைகளில் இருந்த கடைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா?

"என்ன நானா, என்ன கதைக்கிறியள்?" என்றான் பிரணவன். அண்ணனை நானா என்கிற அந்த ஊர் வழக்கம் அவனுக்கும் ஒட்டியிருந்தது.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க தம்பி. இது எங்க குடும்ப விசயம்." அன்ஸார் இத்ரூஸின் பக்கம் திரும்பினார். "நான் நடந்து அளந்தேன். பதினெட்டுக் காலடி கூட இருக்கு மேல. ஒண்ணும் வேணாம், நீ பள்ளிக்கு வா. குர்ஆன்ல கைய வச்சி சத்தியம் பண்ணு. அடுக்கினதுலயும் கள்ளமில்ல, அளந்ததுலயும் கள்ளமில்லன்னு சொல்லு. இப்பவே பிளான்ல கையெழுத்து வக்கிறேன்."

இத்ரூஸின் முகம் செத்துப்போனது. கையிலிருந்த முக்கோணச் சட்டத்தை மெதுவாக மேசை மேல் வைத்தார்.

"பந்துக்கெல்லாம் நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

"அப்ப காணிக்கு?"

"காணிக்கும் பண்ண மாட்டேன். மண்ணுக்காக அல்லாஹ்ட பேர இழுக்க என்னால ஏலாது."

"மடியில கனமில்லன்னா வழியில என்ன பயம் மச்சான்?"

இத்ரூஸ் மூலைப் பொக்கெட்டில் கிடந்த வெள்ளையை எடுத்து மேசையில் வைத்தார். சத்தியம் என்றால் நடுங்குகிற குடும்பம் அது. இத்ரூஸின் வாப்பா, நியாயம் முழுக்கத் தன் பக்கம் இருந்தும், பள்ளியில் சத்தியம் செய்யக் கூப்பிட்டார்கள் என்பதற்காக ஒரு கடையையே விட்டுக்கொடுத்துவிட்டு எழும்பி வந்த மனிதர். உண்மையைச் சொல்வதற்குக்கூடப் படைத்தவனைச் சாட்சிக்கு இழுக்கப் பயப்படுகிறவர்கள் உண்டு. பலாபத்வலையில் இந்தக் கதை தெரியாதவர் இல்லை. அன்ஸாருக்கும் தெரியும். இந்த வாப்பாவின் மகன் என்றுதானே அவர் தங்கையைக் கொடுத்தார்! ஆனால் அந்த நேரம் அது நினைவுக்கு வரவில்லை. கள்ளன் பயப்படுகிறான் என்று மட்டும்தான் தோன்றியது. படியிறங்கும்போது உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது. குத்தூசி சரியான இடத்தில் குத்தியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, நுஸ்லா வீட்டுச் சோற்று முறை. ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் அன்ஸார் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். இத்ரூஸ் வேறு வாசலால் போய்விட்டார். வீட்டுக்கு வந்தால் அம்றா ஒரு கடதாசியை மேசையில் வைத்தாள்.

"நுஸ்லா வந்தா. உள்ளுக்குக் கூட வரல்ல. வாசல்ல நின்னு குடுத்திட்டுப் போயிட்டா."

பள்ளிக்கூடத்தில் எழுதின அதே உருண்டைக் கையெழுத்து. 'நானாவுக்கு, வாப்பாட காணியில என் பங்கு எனக்கு வேணாம். எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கங்க. அவர சத்தியம் பண்ணக் கூப்பிடாதீங்க. நுஸ்லா.'

அன்ஸார் இரண்டு தடவை வாசித்தார்.

"பாத்தியா? கள்ளம் இல்லாட்டி ஏன் விட்டுக் குடுக்கணும்?"

"போன கிழம மீன் பழசுன்னு கத்தினீங்க. உங்களோட சண்ட பிடிக்க ஏலாம நான் அத வெளிய போட்டுட்டு வேற மீன் வாங்கினேன்" என்றாள் அம்றா. "அது காலையில பிடிச்ச மீன். விட்டுக் குடுத்தேனே, அப்ப நானும் கள்ளியா?"

வழக்கமாக என்றால் அன்ஸார் இதற்குச் சிரித்திருப்பார். அன்று சோற்றைப் பாதியில் தள்ளி வைத்தார். மூன்று ஏக்கரும் கைக்கு வந்துவிட்டது. தன் கணக்கில் வெற்றிதான். பிறகு ஏன் இந்தப் பயம்? அவருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது, 'ஓம், செய்தோம்' என்று வாய்விட்டுச் சொல்ல ஒரு ஆள். மச்சான் சொல்லமாட்டார். அந்தச் சேர்வேயர் பையனைப் பிடித்து உலுக்கினால் சொல்லிவிடுவான்.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு போனபோது பிரணவன் மட்டும்தான் மேசையில் இருந்தான். ஜன்னலோரமாக இத்ரூஸ். அன்ஸாரைக் கண்டதும் அவர் எழும்பி, முக்கோணச் சட்டத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, கீழே இறங்கிப் போனார். யார் கையும் படவிடாத சட்டம்!

"நானா, நீங்களே அடுக்குங்கோ" என்றான் பிரணவன். அவன் முகத்திலும் சிரிப்பில்லை. "என்ரை தொழிலிலை கை வச்சிட்டியள். எல்லை களவெண்டு நாலு பேருக்கு முன்னாலை சொன்னால் இந்தப் பக்கத்திலை ஆர் எனக்கு இனிக் காணி அளக்கத் தருவினம்? உங்கடை கையாலை அடுக்குங்கோ. நான் அடிக்கிறன்."

அன்ஸார் அடுக்கினார். ஒவ்வொரு பந்தையும் எடுத்து உருட்டிப் பார்த்து, சட்டைத் துணியில் துடைத்து, சட்டத்துக்குள் போட்டார். பெருவிரலால் இறுக்கவில்லை. வேண்டுமென்றே தளர்த்தியாக விட்டார். நடுவரிசையில் ஒரு கடதாசி நுழைகிற இடைவெளி தெரிந்தது. சட்டத்தைத் தூக்கினார்.

பிரணவன் குனிந்து அடித்தான். கூட்டம் முன்னைப்போல அழகாகச் சிதறவில்லை, பாதி அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தது. ஆனால் வெள்ளை கொஞ்சம் தள்ளாடி, மேசையின் நடுவில் வந்து நின்றது.

"இன்னொரு தடவ" என்றார் அன்ஸார்.

இந்த முறை இறுக்கி அடுக்கினார். வெள்ளை நடுவில் நின்றது. வெள்ளைப் பந்தில்தான் ஏதோ இருக்கிறது என்று அலுமாரியைத் திறந்து, பழைய பெட்டியிலிருந்து கீறல் விழுந்த வேறொரு வெள்ளையைத் தேடி எடுத்து வைத்தார். அதுவும் போய் இடித்தது, ஒரு சாண் பின்னால் வந்தது, நின்றது. குவியலில் ஒன்றுமில்லை. நடுவிலும் ஒன்றுமில்லை. அப்படியென்றால் எங்கே?

"நீங்கள் எப்பவும் அந்தப் பக்கம் நிண்டு பந்துக் கூட்டத்தைத்தான் பார்க்கிறியள்" என்றான் பிரணவன். "இஞ்சாலை வாங்கோ. என்ரை கோல் எங்கை படுதெண்டு பாருங்கோ."

அன்ஸார் அவன் பக்கமாக வந்து நின்றார். இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவர் அந்தப் பக்கம் நின்று பார்த்ததில்லை. பிரணவன் கோல் நுனியை வெள்ளைப் பந்துக்குக் கிட்டக் கொண்டுபோய் நிறுத்தினான். அது சரிநடுவில் இல்லை. நடுவிலிருந்து ஒரு மணி மிளகளவு கீழே இருந்தது.

"நடுவிலை அடிச்சால் வெள்ளை போற வழியிலேயே உருளத் தொடங்கிவிடும். உருண்டுகொண்டு போய் இடிச்சால் இடிச்ச பிறகும் முன்னுக்குத்தான் ஓடப் பார்க்கும். உங்களுக்கு விழுறது அதாலைதான். கொஞ்சம் கீழை அடிச்சால் பின்பக்கமாச் சுத்திக்கொண்டு போகும். போகப் போக இந்தத் துணி அந்தச் சுத்தைத் தின்னும். போய் இடிக்கேக்கை சுத்து மிச்சமில்லை. பிறகென்ன, நிக்கும். கனக்கக் கீழை அடிச்சியளோ, எகிறிப் பாயும். பக்கவாட்டிலை பட்டாலும் எங்கையாவது ஓடும். அளவு பிடிக்க எனக்கு மூண்டு வருசம் போச்சு."

"அப்ப மச்சான் உங்களுக்கு மட்டும் அழுத்தி அழுத்தி அடுக்கினது?"

"எல்லாருக்கும் அப்பிடித்தான் அடுக்கிறவர். உங்களுக்கு அடுக்கேக்கை நீங்கள் அங்காலை திரும்பி நிண்டு கோலுக்குச் சோக் பூசுவியள். பார்க்கிறதில்லை."

உண்மைதான். உடைக்கப் போகிறவன் சோக் பூசுவான். தன்னுடைய முறையில் அவர் ஒருநாளும் மேசையைப் பார்த்ததில்லை. அன்ஸார் கடைசியாக ஒன்று கேட்டார்.

"அந்தப் பதினெட்டுக் காலடி?"

"சரிவிலை நடந்து அளந்தால் கூடத்தான் வரும் நானா. நாங்கள் நிலத்தை மட்டமாப் பிடிச்சுத்தான் அளக்கிறது. வேணுமெண்டால் வேறை சேர்வேயரைக் கொண்டுவந்து அளந்து பாருங்கோ."

கோலை வாங்கி அன்ஸாரே ஒரு தடவை அடித்துப் பார்த்தார். ஒரு மிளகளவு கீழே. வெள்ளை தடுமாறி, பக்கமாக ஓடி, ஆனாலும் பொக்கெட்டில் விழாமல் மேசையிலேயே நின்றது. வேறு நாளாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். இப்போது பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். சத்தியம் செய்யக் கூப்பிட்டது யாரை என்று அப்போதுதான் அவருக்கு முழுதாக உறைத்தது.

வீட்டுக்கு ஓடி, பிளானை எடுத்துக் கையெழுத்து வைத்து, நுஸ்லாவின் கடதாசியையும் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். நுஸ்லா முன்னால் சாக்கை விரித்துக் கராம்பு காயவைத்திருந்தாள். அவரைக் கண்டதும் எழும்பி, கதிரை எடுத்துப் போட்டாள். முகத்தில் கோபம் இல்லை. அழுது முடித்த முகமாகத்தான் இருந்தது.

அன்ஸார் கடதாசியை அவள் கண் முன்னால் நாலாகக் கிழித்தார்.

"நுஸ்லா, எல்லாம் என் பிழை. மச்சான்கிட்ட ஒரு கள்ளமும் இல்ல. நான் நம்புறேன். பிளான்ல கையெழுத்தும் வச்சிட்டேன், இந்தா."

"எப்பிடி நானா நம்பினீங்க?"

அவர் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. தளர்த்தி அடுக்கியது, இறுக்கி அடுக்கியது, பழைய வெள்ளையைத் தேடி எடுத்தது, கோல் படுகிற இடம், துணி சுற்றைத் தின்பது, எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

"அப்ப நீங்க நம்பல நானா. சோதிச்சுப் பாத்திருக்கீங்க."

"அதுக்கில்ல நுஸ்லா..."

"நீங்க அடுக்கி, இன்னக்கி அந்தப் பந்து நிக்காம ஓடிப் போயிருந்தா?" என்று கேட்டாள். "அவர் கள்ளன்தானே?"

ஓடிப் போயிருந்தால் அன்ஸார் இங்கே வந்திருக்கமாட்டார். மூன்று ஏக்கரையும் வைத்துக்கொண்டு, கள்ளனைப் பிடித்தேன் என்று சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார். அது அவருக்கும் தெரிந்தது, எதிரே நின்ற அவளுக்கும் தெரிந்தது.

நுஸ்லா பிளானை வாங்கி, கதிரைக் கையில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். "வாப்பாட மண்ணு. அத நான் ஏன் விடணும்?" என்றாள். பிறகு உள்ளே போய்த் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை சோற்றைப் பற்றி அவளும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்துத்தான் அன்ஸார் மறுபடியும் மேல்மாடிக்கு ஏறினார். இத்ரூஸ் கடைக்காரர்களுக்குப் பந்து அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். குனிந்து, பெருவிரல்களால் பின்வரிசையை அழுத்தி, ஒவ்வொரு பந்தையும் தொட்டுப் பார்த்து, சட்டத்தைப் பூ மாதிரி தூக்கினார். எல்லோருக்கும் ஒரே மாதிரித்தான். இந்த முறை அன்ஸார் கண்ணெடுக்காமல் பார்த்தார். மன்னிப்புக் கேட்க வார்த்தைகளை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்திருந்தார்.

அவருடைய முறை வந்தது.

"மச்சான், அன்னக்கி நான்..."

"இருக்கட்டும், இருக்கட்டும். அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார் இத்ரூஸ். நல்ல முகத்தோடுதான் சொன்னார். முக்கோணச் சட்டத்தை மேசை மேல் அன்ஸார் பக்கமாக மெல்லத் தள்ளிவிட்டு, இரண்டடி பின்னால் போய்க் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். "நீங்களே அடுக்கிக்கங்க மச்சான்."

இருபது வருடமாக நீ என்று கூப்பிட்ட வாய் அது. அந்த 'நீங்க' அன்ஸாரின் நெஞ்சில் போய் இடித்தது. அவர் குனிந்து, பொக்கெட்டுகளில் கிடந்த பந்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கத் தொடங்கினார்.